நடுவில் ஒரு குழி இருக்கலாம்

என் ஓரகத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. என் கணவருடைய அண்ணன் மனைவி. பதினோரு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நிற்கிறோம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்லவள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு அவள் செய்கிற காரியம் இருக்கிறதே, நான் தலையில் அடித்துக்கொண்டு அடித்துக்கொண்டு என் நெற்றிதான் வீங்கியது.

அக்காவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. தைப்பது இல்லை. தைத்து முடித்து வருகிற சட்டைகளைப் பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புகிற செக்கிங் மேசையில் நிற்கிறாள். பத்தொன்பது வருடம் ஆகிறது. தலைக்கு மேலே ட்யூப்லைட், எதிரே சட்டைக் குவியல், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சுருள் ஸ்டிக்கர். விரல்நகம் அளவுக்குச் சிவப்பு அம்புகள். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே காலர் முனை ஒரு பக்கம் இளைத்திருக்கிறதோ, அங்கே ஓர் அம்பை ஒட்டித் தூக்கிப் போடவேண்டும். அங்கே அவள் பெயரே அம்பக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். இத்தனை வருடத்தில் லட்சம் நல்ல சட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போயிருக்கும். ஒன்றுக்காவது யாரும் அவளைக் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒரு சட்டை தப்பிவிட்டால் மட்டும் மேனேஜர் அறையிலிருந்து ஆள் வரும்.

வேலையை வேலையோடு விட்டுவிட்டு வருகிற ஆளா என்றால் அதுவும் இல்லை. வீட்டில் துணி துவைப்பது என் பொறுப்பு. இரண்டு ஆண்கள், என் இரண்டு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். அத்தனையும் கையால். நான் காயப்போட்டு மடித்து வைத்ததை அக்கா எடுத்துக் காலரைப் புரட்டிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். பேசாமல் ஒன்றிரண்டைத் தனியே எடுத்து வைப்பாள். அதற்கு நாலு திட்டு திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

இந்த வீட்டுக்கு அடுப்பு வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அக்காவோடு வேலை பார்த்த ஒரு பெண் வீட்டைக் காலிசெய்துகொண்டு வேறு ஊருக்குப் போகும்போது, "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போன மின்சார அடுப்பு. கேக், ரொட்டி சுடுகிற வகை. கண்ணாடிக் கதவு, உள்ளே மஞ்சள் விளக்கு. எங்கள் சமையலறையில் பின்கதவு ஓரமாகப் பெரிய பிளக் போடுகிற பவர் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதனடியில் ஒரு சாமானுக்குத்தான் இடம். அங்கே கொண்டுபோய் வைத்தாள். என் வயிறு பற்றி எரிந்தது. அந்த இடத்தில் ஒரு துணி துவைக்கும் மெஷின் வரவேண்டும் என்று நான் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்! இன்னொரு பாயிண்ட் போடலாம் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய வயரிங்குங்க. ரெண்டு தாங்காது. அதுவா இதுவான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று கையை விரித்துவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணிக்கு அக்கா கேக் சுடுவாள். ஒரே கேக்தான். வெண்ணெய், முட்டை, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டது, செங்கல் வடிவ நீள அச்சில். மூன்று வருடமாக அதே கேக். வெந்து ஆறியதும் தட்டில் கவிழ்த்து, குனிந்து ஒரு சுற்று பார்ப்பாள். அப்புறம் பையிலிருந்து அந்தச் சிவப்பு அம்பை எடுத்து, நான் பொய் சொல்லவில்லை, கேக்கின் மேலேயே ஒட்டுவாள். இங்கே வெடிப்பு. இங்கே நிறம் கூடிப்போச்சு. பிள்ளைகள் அம்பைப் பிடுங்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டு கேக்கைத் தின்பார்கள்.

முதல் மாதம் முழுக்க நான் அதைத் தொடவில்லை, வீம்பு. ஒருநாள் பிள்ளை மிச்சம் வைத்த துண்டை வாயில் போட்டேன். அப்புறம் என் வீம்பு எங்கே போனது என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு கேக்கை நான் கடையில்கூடத் தின்றதில்லை. "அக்கா, இதுக்கு எதுக்கு அம்பு?" என்று கேட்டேன். "கீழ லேசா ஈரம் நிக்குது பாரு" என்றாள். எனக்கு ஈரமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு. நாள் முழுக்க அடுத்தவர் செய்ததைத் திருப்பி அனுப்புகிறவள், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தன் கையால் செய்கிற ஒரே பொருள் இதுதான். அடுப்புக் கண்ணாடி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கேக் எழும்புவதைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதைப் பார்த்தபிறகு மெஷின் மெஷின் என்று என்னால் முன்போல வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டு கட்டிலுக்கும் இருக்கிற விரிப்புகளை நீங்கள் துவைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

கடைசியில் விஷயத்தைக் கிளப்பியது மூத்தவர். அக்காவின் கணவர். சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரால் வீட்டில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "மெஷின் வாங்கிடலாம்னு இருக்கேன். அடுப்பை யாருக்காவது கொடுத்துடு. வாரத்துல ஒருநாள் சுடறதுக்கு ஒரு இடமா?"

அக்கா தலை நிமிரவில்லை. "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்குப் பொசுக்கென்று ஆத்திரம் வந்துவிட்டது. எனக்காகத்தானே மெஷின், நான் அல்லவா சந்தோஷப்படவேண்டும்? அதைவிட்டுவிட்டு, "மாமா, அக்கா கேக் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா? கண்காட்சித் திடல்ல சமையல் போட்டி வருது. அக்கா அதுல கலந்துக்கட்டும். அப்புறம் பேசுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். காய்கறிக் கடைச் சுவரில் அந்த நோட்டீஸைக் காலையில்தான் பார்த்திருந்தேன். வீட்டில் சுட்ட கேக்குக்கு என்று தனிப் பிரிவே உண்டு.

மூத்தவர் யோசித்தார். "மூணு இடத்துக்குள்ள வந்தா அடுப்பு இருக்கட்டும். வரலன்னா மெஷின். இதுக்கு மேல பேச்சில்ல."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உன்னை யாருடி கேட்டா?" என்றாள். ஆனால் மறுநாளே வெண்ணெயை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாள்.

போட்டிக்கு முன்னால் நாலு வாரம். அக்கா வாரத்துக்கு மூன்று கேக் சுட்டாள். வீட்டில் யார் வாயிலும் ஆரஞ்சு வாடை. அம்பு ஒட்டுவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஆறு, நாலு, மூன்று. போட்டி அன்று அதிகாலையில் சுட்டதைக் கவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மேலே ஒரே சீரான பழுப்பு. நடுவில் நேர்கோடாக ஒரு வெடிப்பு, அது இந்த மாதிரிக் கேக்குக்கு இருக்கவேண்டிய வெடிப்பு. அக்கா சுற்றிப் பார்த்தாள். இன்னொரு சுற்று பார்த்தாள். விளக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். கை ஸ்டிக்கர் சுருளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

"அம்பு ஒண்ணுகூட ஒட்டல!" என்றேன்.

"வெந்துச்சான்னு குச்சி விட்டுப் பாத்தப்ப நடுவுல ஒரு இடத்துல கை லேசா வழுக்கின மாதிரி இருந்துச்சு. உள்ள குழி விழுந்திருக்குமோ?"

"ஐயோ, சும்மா இருங்களேன்! அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காது."

"வெட்டிப் பாக்கவும் முடியாது. முழுசா கொண்டு வரச் சொல்லியிருக்காங்க" என்று முணுமுணுத்தாள். சட்டை அடுக்குகிற அட்டைப்பெட்டியில் கேக்கை வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் வேகத்தடை வரும்போது அக்கா பெட்டியோடு எழுந்து நின்றாள். பக்கத்து ஸீட்டுக்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். "சட்டை" என்றாள்.

திடலில் பெரிய கொட்டகை, நீள மேசைகள், வெள்ளை விரிப்பு. கேக் பிரிவில் மட்டும் நாற்பத்தொரு பேர். ஒரு பக்கம் விண்ணப்பம் கொடுத்தார்கள், இன்னொரு பக்கம் எண் அட்டைக்கு வரிசை. நேரம் மிச்சமாகட்டும் என்று நான் வரிசையில் போய் நின்றேன், அவளை விண்ணப்பம் எழுதச் சொல்லிவிட்டு. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டு அவளை வரிசையில் நிறுத்தியிருக்கவேண்டும். நான் திரும்பி வருவதற்குள் எழுதி மடித்துக் கொடுத்துவிட்டாள்.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் சமையல் கல்லூரி ஆசிரியை, ஏப்ரன் கட்டிக்கொண்டு காதில் பேனா. இன்னொருவர் வெறுமனே தலையாட்டினார். ஒவ்வொரு கேக்கிலும் ஓரத்தில் ஒரே ஒரு துண்டு வெட்டி, முகர்ந்து, பிட்டு, வாயில் போட்டு, கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டே போனார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அக்காவின் கேக்கை வாயில் போட்டதும் ஆசிரியை நின்றார். இன்னொரு பிட்டு எடுத்தார். பக்கத்தவரிடம் ஏதோ சொன்னார். நான் அக்கா கையைக் கிள்ளினேன். அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, வெட்டிய துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு முடிவை ஒட்டினார்கள். மூன்றாம் இடம் எண்பத்து நாலு மதிப்பெண். நாலாவது எண்பத்து மூன்று. நாலாவது அக்கா.

ஒரே ஒரு மார்க். மதிப்பெண் தாளைக் கேட்டால் கொடுப்பார்கள் என்றார்கள், வாங்கிப் பார்த்தேன். சுவைக்கு முழு மதிப்பெண். நாற்பத்தொரு பேரில் முழுதாக வாங்கியது அக்கா மட்டும்தான் என்று தாளைக் கொடுத்தவரே சொன்னார். கீழே வந்தேன். "உட்பதம்: காற்றுக்குழி, விண்ணப்பத்தில் குறிப்பிட்டபடி. இரண்டு குறைவு."

விண்ணப்பத்தில் குறிப்பிட்டபடியா? கூடவே பின் குத்தி வைத்திருந்த விண்ணப்பத்தைப் புரட்டினேன். கடைசிக் கட்டத்தில், "உங்கள் தயாரிப்பைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்புவது" என்று அச்சடித்திருந்தார்கள். மற்றவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? என் மகளுக்குப் பிடித்த கேக், அம்மா சொல்லிக் கொடுத்தது, அன்போடு செய்தது. இவள் தொழிற்சாலைத் தாளில் எழுதுகிற மாதிரியே, எண் போட்டு எழுதியிருந்தாள். "ஒன்று, இடது ஓரம் வலது ஓரத்தைவிட ஒரு நூல் உயரம். இரண்டு, நடுவில் ஒரு குழி இருக்கலாம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"இதை எழுதச் சொல்லி யாரு உங்களைக் கேட்டா?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"சொல்ல விரும்புறதுன்னு கேட்டிருந்தாங்களே. தெரிஞ்சதை எழுதினேன்."

"விரும்புறதுன்னுதானே கேட்டாங்க! நல்லதா நாலு வரி எழுதக்கூடாதா?"

"நல்லதை அவங்க சொல்லணும். நானே எப்படி எழுதறது?"

அவளிடம் பேசிப் பயனில்லை என்று நேரே ஆசிரியையிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார், அதுவே எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

"நாங்க ஓரத்துல ஒரு துண்டுதாம்மா வெட்டுவோம். மிச்சத்தைக் காட்சிக்கு வைக்கணுமே. நடுவுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

"தெரியாததுக்கு எப்படி மார்க்கைக் குறைச்சீங்க?"

"அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்களே. சுட்டவங்களைவிட எங்களுக்கா நல்லாத் தெரியும்?"

"இருக்கலாம்னுதாங்க எழுதியிருக்காங்க! இப்ப வெட்டிப் பாத்துடுங்க. இருந்தா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

"முடிவு ஒட்டியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது" என்றார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. "அருமையான கேக். அந்த ஒரு வரி இல்லாம இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

அக்கா பின்னால் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். "வா, போலாம். மேசையில முடிச்சதைத் திரும்பி வந்து கேக்கக்கூடாது. எங்கிட்ட யாராவது இப்படி வந்து நின்னா எனக்கும் பிடிக்காது" என்றாள். இவள் எந்தப் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். மூத்தவரிடம் மூன்றாவது என்று சொல்லிவிடுவது. சான்றிதழெல்லாம் பிறகு வரும் என்று இழுத்தடித்தால் ஒரு வருடம் ஓடிவிடும். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? "அக்கா, வீட்டுல நான் பேசறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். "ம்" என்றாள். காட்சி முடிந்து திருப்பிக் கொடுத்த கேக்கைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மூடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் செருப்பைக்கூட நான் கழற்றவில்லை. "என்ன ஆச்சு?" என்று மூத்தவர் எழுந்து வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நாலாவது. மெஷினுக்குச் சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

இவளை என்ன செய்வது? சொல்லுங்கள், என்ன செய்வது?

"எத்தனை பேர்ல நாலாவது?" என்றார் மூத்தவர். நாற்பத்தொன்று என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. குழி, விண்ணப்பம், அந்த ஒரு வரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா இதற்குள் கேக்கைச் சமையலறை மேசையில் வைத்துக் கத்தியை எடுத்துவிட்டாள். நடுவில், குச்சி விட்ட இடத்தில் சரியாக ஒரே வெட்டு.

குழி இல்லை.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி, நெருக்கமாக, மெத்தென்று இருந்தது. அக்கா அரை விரல் தள்ளி இன்னொரு வெட்டு வெட்டினாள். அங்கும் இல்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. "இருக்கணுமே" என்றாள். கத்தி நிற்கவில்லை. தாள் கனத்துக்கு வெட்ட ஆரம்பித்தாள். "கை வழுக்கிச்சே. எனக்குத் தெரிஞ்சுச்சே." ஒவ்வொரு துண்டையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மேசை முழுக்க மஞ்சள் துண்டுகள்.

"நிறுத்துங்கக்கா" என்றேன். "இல்ல. குழி இல்ல. நல்லா இருக்கு. போதும்."

கத்தியைக் கீழே வைத்தாள். "காலையில கவுத்தப்பவே தெரிஞ்சுச்சுடி, நல்லா வந்திருக்குன்னு. மூணு வருஷத்துல முதல் தடவை. ஒரு குறைகூட கண்ணுக்குப் படல. அதான் பயந்துட்டேன். குறை தெரியலன்னா நாம சரியாப் பாக்கலன்னு அர்த்தம். எங்க மேசையில அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

மூத்தவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்று எடுத்தார். "அடுப்பு இருக்கட்டும் போ. குழிதான் இல்லையே" என்றார். பிறந்ததிலிருந்து மாற்றாத சொல்லை மனிதர் அன்றைக்கு மாற்றினார்.

"தாள்ல நாலாவதுன்னுதான் இருக்கு. இரக்கப்பட்டுப் பாஸ் பண்ணா அது பாஸ் இல்லங்க" என்றாள் அக்கா.

"எனக்கு மெஷின் வேணாம்! எனக்காகத்தானே வாங்கறீங்க? வேணாம்னு நான் சொல்றேன்!" என்று கத்தினேன்.

அக்கா என் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே கொண்டுவந்தாள். சோப்பில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. "இதைப் பதினோரு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் அவள் குனிந்து அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கட்டினாள்.

புதன்கிழமை மெஷின் வந்தது. அடுப்பைப் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். மெஷின் நன்றாகத்தான் துவைக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கா இப்போது காலரைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் மட்டும் சமையலறைக்குள் வந்து, மெஷினுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறாள். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்ல, துணி முடிஞ்சுதான்னு பாக்க வந்தேன்" என்று உள்ளே போய்விடுகிறாள். உலகத்திலிருக்கிற குறையெல்லாம் கண்டுபிடிக்கிறவள், என்னைப் பார்த்து ஒரே ஒரு குறை சொல்லக்கூடாதா? உன்னால்தான் எல்லாம் போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால், நான் ஒரு சண்டையாவது போட்டுத் தொலைப்பேன்.